சோற்றுக்குப் பதில் ஒரு கச்சாயம்

எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்வந்தால் சாப்பாட்டைப் பற்றி அப்புறம்தான் பேசுவார்கள். வாசலில் நின்றவர்கள் "வாங்க" என்று கேட்டார்களா என்பதுதான் முதல் பேச்சு. கேட்காமல் விட்டால் அதோடு போக்குவரத்து நின்றுவிடும். சாரதாமணி அக்காவுக்கும் சென்னம்மாள் சின்னத்தைக்கும் பேச்சு அறுந்தது அப்படித்தான்.

சாரதாமணி அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரே தோட்டத்தில் இரண்டு வீடாக இருக்கிறோம். சின்னத்தை எங்கள் மாமியாரின் தங்கை. போன வருடம் எங்கள் வீட்டுக் காதுகுத்தில் சின்னத்தை எதிரே வந்து நின்றும் அக்கா பேசாமல் தாண்டிப் போய்விட்டார். திமிர் எல்லாம் இல்லை. கண்ணில் புரை, கூடவே சர்க்கரை. சொன்னால் சின்னத்தை நம்ப வேண்டுமே! "பால்காரனத் தெரியுது, என்னைய மட்டுந் தெரியலையாக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

மகள் தனப்பிரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அக்காவுக்கு ஒரே ஆசைதான். "மண்டப வாசல்ல நின்னு அத்தன பேரையும் நானே பாத்து வாங்கன்னு கேக்கோணும்." ஆனால் கண் ஆஸ்பத்திரியில், சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இத்தனைக்கும் அக்கா அரிசியைத் தொட்டே வெகுநாள் ஆகியிருந்தது. சர்க்கரைக்கு ராகி நல்லது என்று ஊரே சொன்னதால் மூன்று வேளையும் களி. ஒவ்வோர் உருண்டையும் தேங்காய் பெரிசு. மாத்திரையையும் விடவில்லை. பிறகு எப்படி இறங்காமல் போனது? ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித்தரும் அபிநயா என்ற பெண்தான் விளக்கினாள். களியிலும் இருப்பது மாவுச்சத்துதான், அளவில்லாமல் தின்றால் அதுவும் ஏற்றத்தான் செய்யும் என்றாள். நானாக இருந்தால் அவளோடு சண்டைக்குப் போயிருப்பேன். அக்கா அடுத்த முறை வீட்டுக் குழம்புக் கரண்டியையே எடுத்துப் போய், "இதுல எத்தன போட்டுக்கலாஞ் சாமி?" என்று கேட்டு வந்தார்.

அன்றிலிருந்து தட்டில் பாதி காய், ஒரு பங்கு பயறோ முட்டையோ, மிச்ச இடத்தில்தான் சோறோ களியோ. நேரம் தவறாமல் சாப்பாடு. "சோறு, களி, இட்லி எல்லாம் ஒரே பட்டிக்குப் போற மாடு. ஒண்ணு உள்ள போனா ஒண்ணு வெளிய நிக்கோணும்" என்பார். நான் செய்யாத கேலி இல்லை. அவர் காதில் வாங்கினால்தானே!

பிறகு வந்தது பத்திரிகை வைக்கும் படலம். வீட்டுக்கு வீடு காப்பி, கலர் சோடா, மிக்சர். வேண்டாம் என்றால் முகம் சுருங்கும். அக்கா அதற்கு ஒரு வழி கண்டார். வாசற்படி ஏறும்போதே, "முதல்ல ஒரு சொம்பு தண்ணி குடுங்க, தொண்ட காயுது" என்று வாய்விட்டுக் கேட்டு வாங்கிக் குடிப்பார். உரிமையாகக் கேட்டாரே என்று அவர்களுக்கும் சந்தோஷம். அவர் பங்குக் கலரை நான் குடித்தேன். உறவு முக்கியம் இல்லையா!

சின்னத்தை வீட்டுக்கு மட்டும் அவர் போக வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பத்திரிகையை வாங்கிக்கொண்ட சின்னத்தைக்கு முகத்தில் சிரிப்பே இல்லை. ஒரு தட்டு நிறையக் கச்சாயம் கொண்டுவந்து வைத்தார். வெல்லமும் அரிசிமாவும் எண்ணெயும் சேர்ந்த பலகாரம். தண்ணீர்த் தந்திரம் இங்கே பலிக்காது என்று தெரிந்துவிட்டது.

"எங்கூட்டுல கை நனைக்காமப் போனா, நாங்களும் உங்க மண்டபத்துல கை நனைக்க மாட்டோம்."

அக்காவுக்கோ அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை. அக்கா நிதானமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கை நனைக்கத்தானுங்க வந்தேன் சின்னத்தை. மத்தியானச் சாப்பாடே இங்கதான். கச்சாயம் ஒண்ணு போதுங்க. அதுக்குப் பதிலா எனக்குச் சோறு வேண்டாம். கீரையும் பச்சப்பயறு கடஞ்சதும் நெறைய வையுங்க."

"கச்சாயத்துக்குக் கீரையத் தொட்டுக்கற மருமவள இப்பத்தான் பாக்கறேன்" என்றார் சின்னத்தை. அக்கா அந்த ஒன்றைக் கடைசி வரை ருசித்து மென்று தின்றார். நானாக இருந்தால் தட்டைக் காலி செய்திருப்பேன், இல்லையென்றால் கோபித்துக்கொண்டு எழுந்திருப்பேன். அந்த நிமிடத்தில் அவர்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை வந்தது. கிளம்பும்போது, கல்யாணத்துக்கு வருவதாகச் சின்னத்தை வாக்குத் தரவில்லை. "பாக்கலாம்" என்றதோடு சரி.

பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

முகூர்த்தத்தன்று அக்கா வாசலை விட்டு நகரவே இல்லை. ஒவ்வொருவரையும் உறவு சொல்லி வரவேற்றார். எதிர்ப்பக்கம் பஸ் நின்று கூட்டம் இறங்கியது. எனக்கு வெறும் தலைகள்தான் தெரிந்தன. அக்கா விறுவிறுவென்று ரோட்டோரம் வரை போய்விட்டார்.

"வாங்க சின்னத்தை! வாங்க, வாங்க!"

சின்னத்தை அப்படியே நின்றுவிட்டார். ரோட்டைத் தாண்டி வந்து அக்காவின் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"அங்கிருந்தே என்னையத் தெரிஞ்சுதா?"

"காதுகுத்துல கிட்ட நின்னும் தெரியலீங்க சின்னத்தை. இப்பத் தெரியுதுங்க."

சின்னத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது. பையைத் துழாவி ஒரு சின்ன டப்பாவை எடுத்து அக்கா கையில் வைத்தார்.

"ஒரே ஒரு கச்சாயந்தான் கொண்டாந்தேன். மத்தியானம் சோத்த உட்டுரு சாமி."