கயிறு நழுவவில்லை

ஆரோக்கியசாமி கயிற்றை விடவில்லை. பீரங்கிச் சக்கரத்தின் அடியிலிருந்த முட்டுக்கட்டையை எடுத்தவன் நான். எடுத்துவிட்டு, அவன்தான் கைவிட்டான் என்று சொன்னவனும் நான்!

சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றது... இனி நான் யார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் மாணிக்கம் மேஸ்திரி. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒரு கொத்துக் கரணையும் ஒரு மாற்று வேட்டியுமாக பெங்களூர் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் வந்து இறங்கியவன். தொம்மலூரில் நிற்கிற ஓட்டு வீடுகளில் பாதிக்கு என் நூல்குண்டுதான் நேர் பார்த்தது. ஈஜிபுரா வெறும் ராகிக் கொல்லையாக இருந்தபோது அங்கே முதல் கல்வீட்டை எழுப்பியவன் நான். பிரேசர் டவுனில் படித்த இஞ்சினியர்கள் இருவர் கையை விரித்துவிட்டுப் போன கிணற்றுச் சுவரை, சாரம் கட்டி உள்ளே இறங்கி நிறுத்தியவனும் நானே! காகிதத்தில் படம் போடத் தெரியாது. மண்ணில் குச்சியால் கீறுவேன், கட்டடம் நிற்கும்.

அந்தப் பீரங்கி மேடையும் என் கைவேலைதான்.

நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். பழைய குதிரை லாயத்தைப் பட்டாளத்தார் பீரங்கி மியூசியம் ஆக்கினார்களே, அதன் வாசலில் நிற்கிறது. உள்ளே பர்மா சண்டையில் ஜப்பான்காரனிடம் பிடித்த குட்டைப் பீரங்கி இருக்கிறது. ஆளுயரக் குண்டுக் கூடுகள் வரிசையாக இருக்கின்றன. ஆனாலும் எல்லோரும் முதலில் போய் நிற்பது வாசல் பீரங்கியின் முன்தான். வெள்ளைக்காரன் ஆறு குதிரை பூட்டி இழுத்தது. போகும்போது விட்டுப் போனது. மரச்சக்கரம் என் நெஞ்சளவு. அந்தப் பீரங்கியை இடுப்பளவு கல்மேடையில் ஏற்ற வேண்டும் என்றார் மியூசியத்தைப் பார்த்துக்கொண்ட சுபேதார். வேலூர்க்காரர். என்னை நம்பிக் கொடுத்தார். அந்த நம்பிக்கைக்கு இன்றைக்கும் கைகூப்புகிறேன்.

மேடைக்கு மண்சரிவு கட்டினோம். பீரங்கியில் கட்டிய கயிற்றை மேடைக்கு அந்தப் பக்கம் நின்ற தூங்குமூஞ்சி மரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, வால் பக்கத்தை ஆரோக்கியசாமியிடம் கொடுத்தேன். கயிற்று வேலையில் அவனைப் போல் ஒருவன் கண்டோன்மெண்ட் முழுக்கக் கிடையாது. கோயில் மணியையும் மாதா கோயில் மணியையும் ஒரே வாரத்தில் ஏற்றிக் கொடுத்தவன். கயிறு அவன் பேச்சைக் கேட்கும் என்பார்கள்.

அன்று ஆயுத பூஜை. விடிந்ததும் இழுக்கத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் பீரங்கியை மேடைமேல் நிறுத்திவிட்டோம். சக்கரங்களுக்குப் பின்னால் முட்டுக்கட்டை கொடுத்தேன். பீரங்கியின் வாய்க்குச் சந்தனம் பூசினோம், மாலை போட்டோம், பூசணிக்காய் உடைத்தோம், சரிவின் அடியில் சிதறு தேங்காய் அடித்தோம்.

"சாமிய நீ கும்புடு மேஸ்திரி, பொரிய நான் துன்றேன்," என்றான் ஆரோக்கியசாமி, கயிற்றைப் பிடித்தபடியே. "ஆனா ஒண்ணு, உன் மாலைய பாத்துட்டு பீரங்கிக்கு வெக்கம் வந்துடப்போவுது."

"போடா இவனே! ஏறிடுச்சு இல்ல? சுத்த அவுத்து வுடு."

நான் சொல்லித்தான் அவன் இரண்டு சுற்றை அவிழ்த்தான். இதை மறக்காதீர்கள்!

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எலுமிச்சம்பழம் வைக்கவில்லை! புது லாரிக்கு வைக்கிறோம், ஜட்கா வண்டிக்கு வைக்கிறோம். சக்கரம் பழத்தை நசுக்கினால்தானே திருஷ்டி போகும்? மறுநாள் இரும்புப் பட்டை போட்டு இறுக்கிவிட்டால் அப்புறம் அந்தச் சக்கரம் ஜன்மத்துக்கும் உருளாது. ஒரு சாண் பின்னால் தள்ளி ஒரு சாண் முன்னால் இழுத்தால் போதும் என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. மாணிக்கம் மேஸ்திரி யாரைக் கேட்பான்?

குனிந்து சக்கரங்களுக்குப் பின்னால் பழங்களை வைத்தேன். இரண்டு கட்டைகளையும் காலால் தட்டி எடுத்தேன்.

மழைத் தண்ணீர் தேங்கக் கூடாதென்று அந்த மேடைக்கு வாட்டம் கொடுத்தவன் நான். விரற்கடை வாட்டம், சரிவுப் பக்கமாக... என் கையால் மட்டம் பார்த்துக் கொடுத்த வாட்டத்தை நானே மறந்தேன்! பழம் நசுங்கியது. பீரங்கி நிற்கவில்லை.

சரிவின் அடியில் என் ஆட்கள் எட்டுப் பேர் குனிந்து சிதறு தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் கத்தினேனா? இன்றுவரை தெரியவில்லை. ஆனால் ஆரோக்கியசாமியைப் பார்த்தேன். ஒற்றைச் சுற்றில் கயிறு ஓடுகிறது, அவன் உள்ளங்கையிலிருந்து புகை வருகிறது, அவன் விடவில்லை. மரத்தை ஓடிச் சுற்றி, வாலை இன்னொரு சுற்றுப் போட்டு, கையையும் சேர்த்து நெரியக் கொடுத்தான். கயிறு விண்ணென்று இறுகியது. பீரங்கி பக்கவாட்டில் திரும்பி மதிலில் மோதி நின்றது. ஒரு சக்கரம் சிதறியது. எட்டுப் பேரும் தேங்காய்ச் சில்லோடு நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆரோக்கியசாமியின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

சுபேதார் ஓடிவந்தார். "எப்படிய்யா ஆச்சு? யாரு பண்ண வேலை?"

மற்றவர்கள் தேங்காயில் இருந்தார்கள். நான் கட்டையை எடுத்ததைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். என் வாய் என்னைக் கேட்காமல் பேசிற்று என்று எழுதலாமா? கூடாது. என்னைக் கேட்டுத்தான் பேசிற்று.

"கயித்துக்காரன் கை உட்டுட்டான் சார்."

சுபேதார் அவன் பக்கம் திரும்பினார். "பண்டிகைன்னு ஊத்திக்கினு வந்தியா?"

வாழ்நாளில் கள்ளைக்கூடத் தொடாதவன் அவன். ரத்தம் சொட்டும் கையை வேட்டியில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, "ஆமாங்க ஐயா. கை நழுவிடுச்சு," என்றான்.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவன்தான் முதலில் பேசினான்.

"நீ போயிட்டா உன்ன நம்பினவன் நாப்பது பேரு வூட்ல அடுப்பு எரியாது மேஸ்திரி. நான் போனா ஒரு அடுப்புதான். வுடு."

நான் விட்டேன்! அவ்வளவு சுலபமாக விட்டேன்.

அதன்பின் அவனுக்குக் கயிற்று வேலை கொடுக்க ஒருவரும் இல்லை. விரல் போனதனால் அல்ல. மூன்று விரலிலும் அவன் முடிச்சுப் போடுவான். கயிற்றை விட்டவன் என்ற பெயர் கண்டோன்மெண்ட் முழுக்கப் பரவிவிட்டதே, அதனால்! சுபேதாரிடம் மன்றாடி அதே மியூசியத்தில் அவனுக்குக் காவல் வேலை வாங்கிக் கொடுத்தேன். சக்கரத்தைப் புதிதாகச் செய்து பீரங்கியை மறுபடி ஏற்றியதும் நான்தான். என் தொழில் வளர்ந்தது. அந்த மேடையைக் காட்டித்தான் எத்தனையோ வேலைகள் வந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பந்தி வீட்டாரையும் புது வாடிக்கைக்காரர்களையும் அங்கே அழைத்துப் போவேன். மேடையைத் தட்டிக் காட்டுவேன். யாராவது, "ஒரு சக்கரம் மட்டும் புதுசா இருக்கே?" என்று கேட்டால், வாசலில் நிற்கும் ஆரோக்கியசாமி நான் வாய் திறக்கும் முன் சொல்லிவிடுவான். "அது என்னாலதாங்க. கை நழுவிடுச்சு." கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும்... ஐயோ, நானும் சிரித்திருக்கிறேன்!

அவன்மேல் எனக்குள்ள நன்றி கொஞ்சமா? என் வீட்டில் எரிகிற விளக்கு, என் மகளின் கழுத்துத் தாலி, அந்த எட்டுப் பேரின் உயிர், எல்லாம் அவன் உள்ளங்கைத் தோல். ஆனால் ஒருநாளும் நன்றி என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் எதற்கென்று கேட்பார்களே! பண்டிகைக்கு வேட்டி கொடுத்தேன், கிறிஸ்துமஸுக்கு அரிசி கொடுத்தேன். ஏழைக்கு இரங்குகிற மேஸ்திரி என்று அதற்கும் பெயர் வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் மியூசியத்தில் ஒரு சின்னப் புத்தகம் அச்சிட்டார்கள். என் மகள் படித்துக் காட்டினாள். வாசல் பீரங்கியைப் பற்றி ஒரு பக்கம். "கயிறு பிடித்த தொழிலாளியின் கவனக்குறைவால் சக்கரம் உடைந்தது" என்று அதில் இருந்தது. பேச்சாக இருந்தவரை காற்றோடு போகும் என்றிருந்தேன். அச்சில் ஏறிவிட்டது! அவன் பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தோடு வந்து அதைப் படிப்பான்.

நேரே அவனிடம் போனேன். பீரங்கியின் நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

"ஆரோக்கியம், நான் பண்ணது பெரிய பாவம்டா. நான்தான் கட்டைய எடுத்தேன்."

அவன் நிமிரக்கூட இல்லை. "எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? எனக்குத் தெரியாதா? தெரியாதவங்க கிட்ட போய் சொல்லு."

"என்ன மன்னிச்சிட்டியா?"

கடலைத் தோலை ஊதினான். "சொல்லிட்டு வா. அப்பாலப் பாப்போம்."

அதனால்தான் உங்களிடம் வந்தேன். தெரியாதவர்கள் நீங்கள்தானே?

இதைப் படித்துவிட்டு என்னைப் பெரிய மனசுக்காரன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பன்னிரண்டு வருஷம் இன்னொருவனின் நல்ல பெயரை உடுத்திக்கொண்டு திரிந்தவன் நான். இன்னும் கழற்றி முடிக்கவில்லை. இன்று காலைகூட அவன் எனக்கு எழுந்து நின்றுதான் வணக்கம் வைத்தான்.

புத்தகம் அச்சிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. மேடை கட்டியவன், பீரங்கியை இரண்டு முறை ஏற்றியவன் மாணிக்கம் மேஸ்திரி. அந்தப் பெயர் உங்கள் புத்தகத்தில் இல்லை. போடுங்கள்! எனக்குச் சேர வேண்டியதை விடமாட்டேன். சக்கரத்தை உடைத்ததும் என் பங்குதான். அதையும் என் பெயரிலேயே போடுங்கள். கயிற்றைப் பிடித்து நின்றவன் ஆரோக்கியசாமி என்று எனக்கு மேலே, முதல் வரியில் போடுங்கள்.