தோசைக்கல்லில் விட்ட இஞ்சின் ஆயில்

காலேஜ் மெஸ்ஸில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிறார்கள். சடசடவென்கிறது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண் தானாக வாசலுக்குப் போகிறது.

பேரையூரில் அப்பா ஒரு பழைய கார் வைத்திருந்தார். அவர் கோபம் மட்டும் காரைவிட வேகமாக ஸ்டார்ட் ஆகும். ஒருநாள் காலையில் ஆயில் அளக்கும் கம்பியை உருவினார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் மோர்போல வெளுத்து நுரைத்திருந்தது.

“அண்ணன் வேலைதான். பொறாமையில மோரை ஊத்திட்டான்.”

வரப்புத் தகராறில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா ஜாக்கிக் கம்பியைத் தூக்கிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நான் அவர் போன வாசலையே பார்த்து நின்றேன்.

அம்மா அந்த ஆயிலில் இரண்டு சொட்டைச் சூடான தோசைக்கல்லில் விட்டாள். சடசடவென்று தெறித்தது. குனிந்து மோந்து பார்த்தாள்.

“மோர்னா தீஞ்ச வாடை வரும்டா. இது வெறுந்தண்ணி. ரேடியேட்டர்ல தெனம் ஒரு குடம் ஊத்துறாரு, கீழ ஒரு சொட்டு ஒழுகல. அம்புட்டும் உள்ளுக்குள்ளயே ஆயில்ல கலந்துருக்கு.”

என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். பெரியப்பா வாசலில் அப்பா கம்பியை ஓங்கியிருந்தார். அம்மா குறுக்கே நின்று விஷயத்தைச் சொன்னாள். கம்பி மெதுவாக இறங்கியது.

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். “ஏன்டா, எங்க வீட்டு மோரு என்னைக்குடா அம்புட்டுக் கெட்டியா இருந்துச்சு?”

அப்பா கம்பியைத் திண்ணையோரம் சாத்தி வைத்தார்.

“சரி, மாட்டை அவுக்குறேன். மெக்கானிக் ஷெட்டு வரைக்கும் காரை இழுக்கணும்ல.”

“யாரும் வாராகளா தம்பி?” என்று தோசையை வைத்தபடி மெஸ் சர்வர் கேட்கிறார்.

“இல்லண்ணே.”

கல் மறுபடி சடசடக்கிறது. வாசலைப் பார்க்கிறேன்.