வெள்ளிக்குள், வெள்ளி வரை

அந்தக் கிடங்கின் ஆபீசில் பதினாறு வருஷமாக டைப் அடித்தவள் வாயில்லாப் பூச்சி. ஒரே ஒரு கோளாறு, தப்பான இங்கிலீஷைக் கண்டால் அவளுக்குப் பல் கூசும். மேனேஜர் கிறுக்கிக் கொடுத்ததில் 'இன்' வரவேண்டிய இடத்தில் 'ஆன்' இருந்தால் சத்தமில்லாமல் மாற்றிவிடுவாள். ஒருநாள் அது அவர் கண்ணில் பட்டுவிட்டது. "நான் எழுதினதை அடிக்கத்தான் உனக்குச் சம்பளம். எனக்குப் பாடம் எடுக்க இல்ல" என்று எல்லார் முன்னாலும் தாளைக் கிழித்துப் போட்டார்.

அதற்குப் பிறகுதான் நெட்டையண்ணன் அவளிடம் வந்தார். சரக்கு ஏற்றுகிறவர், நாற்பத்தைந்து வயசு. சூப்பர்வைசர் வேலைக்குப் பரீட்சை இங்கிலீஷில்தானாம்.

"பெரிய வார்த்தையெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டேன் டீச்சரம்மா. இந்தத் துக்கடா வார்த்தைங்கதான் உயிரை வாங்குது."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு காலிப் பெட்டியை வைத்துப் பாடம் நடந்தது. டீ கிளாஸ் பெட்டிமேல் இருந்தால் ஆன், உள்ளே இருந்தால் இன், வெளியிலிருந்து உள்ளே போனால் இன்டு. இடமும் நகர்வும் ஒரு வாரத்தில் பிடிபட்டன. காலம்தான் அவர் காலை வாரியது.

"பைன்னா கையில தூக்குற பையா?"

"சிரிக்காதீங்கண்ணே. 'பை ஃப்ரைடே'ன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள, என்னைக்கு வேணா நடக்கலாம். 'டில் ஃப்ரைடே'ன்னா வெள்ளிக்கிழமை வரைக்கும், இப்பலேர்ந்தே."

பத்து நாள் விடாமல் கேட்டுக் கேட்டு அதை அவர் மண்டையில் ஏற்றினாள்.

ஒரு திங்கட்கிழமை சரக்கு லிஃப்டின் கம்பி நைந்திருப்பது தெரிந்தது. மெக்கானிக் வெள்ளிக்கிழமைதான் வருவார். ஒரு பூட்டைப் போட்டிருந்தால் முடிந்தது கதை. மேனேஜர் நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார், வழக்கம்போல இங்கிலீஷில்: லிஃப்ட் வில் பி க்ளோஸ்ட் பை ஃப்ரைடே.

அவள் விரல் நின்றது. "சார், இது 'டில்'னு இருந்தா..."

"ஆரம்பிச்சிட்டியா?"

அப்படியே அடித்துக் கொடுத்தாள். நெட்டையண்ணனிடமாவது வாயால் சொல்லிவிடலாம் என்று தேடினாள். அவர் லாரியோடு வெளியே போயிருந்தார். மறுநாள் மகளுக்குக் காய்ச்சல் என்று இவள் லீவு.

புதன்கிழமை அவள் உள்ளே நுழையும்போது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. நோட்டீஸைப் பார்த்து மற்றவர்கள் தயங்கியிருக்கிறார்கள். நெட்டையண்ணன்தான் எழுத்துக்கூட்டிப் படித்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள மூடுவாங்களாம். இன்னும் மூடலையே, ஏத்துங்கப்பா" என்று முதல் ஆளாக உள்ளே போயிருக்கிறார். கம்பி அறுந்தது. வலது கால் முழங்காலோடு போயிற்று.

தலைமை ஆபீசிலிருந்து இரண்டு பேர் விசாரணைக்கு வந்தார்கள். அவள் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "அவர் சரியாத்தான் படிச்சார் சார். நோட்டீஸ்தான் தப்பு."

ஒருவர் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பை, டில் ரெண்டும் ஒண்ணுதானேம்மா? அதான் வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கே."

இன்னொருவர் கேட்டார், "தப்புன்னு தெரிஞ்சேவா அடிச்சீங்க?"

அவள் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

தொழிலாளிக்கு இங்கிலீஷ் போதாமல் அறிவிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று முடிவு எழுதினார்கள். அந்த அறிக்கையும் டைப் அடிக்க அவளிடமே வந்தது. "மேலிடத்துக்குப் போறது. தப்பு கிப்பு இருந்தா நீயே திருத்திடு" என்றார் மேனேஜர். பதினோரு இடத்தில் திருத்தினாள். ஒரு பிழையுமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நெட்டையண்ணன் வீட்டுக்குப் போனாள். கட்டிலில் சாய்ந்திருந்தவர் தலையணைக்கடியிலிருந்து தலைமை ஆபீஸ் அனுப்பிய கடிதத்தை எடுத்தார்.

"நான் தப்பாப் படிச்சிட்டேனாம் டீச்சரம்மா. பைன்னா அதுக்குள்ளன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாண்ணே. நீங்க படிச்சது சரி."

"அப்ப அந்த நோட்டீஸை அடிச்சது யாரு?"

"நான்தான்."

அவர் கடிதத்தை மடித்தார். ரொம்ப நேரம் மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி எழுந்து வந்து, அவள் கொண்டுவந்த பழப் பையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"கிளம்புங்க. அவர் தூங்கணும்."