காற்றில் கேட்ட பாட்டு

காரிமங்கலத்துக்குப் பக்கத்து ஊரில் ரவிக்கை தைத்துப் பிழைத்த லூர்து மேரி, சினிமாப் பத்திரிகைகளுக்குப் பாட்டு விமர்சனம் எழுதி அனுப்புவார். வீட்டில் ரேடியோகூடக் கிடையாது. ஏரிக்கு அந்தப் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ நடந்தால் புளியமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி இசைத்தட்டு போடுவார்கள். உடனே தையல் மிஷின் நின்றுவிடும். ரவிக்கை வாங்க வந்தவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். வாயைத் திறந்தால் திட்டு விழும்.

1971இல் ஒரு புதுப் பாட்டை அப்படிக் கேட்டுவிட்டு எழுதினார்: "இரண்டாவது சரணத்தில் பாடகி தன் குரலைத் தொலைவுக்கு அனுப்பிவிட்டு, மறுபடி அருகில் அழைத்துக்கொள்கிறார். வேறு யாராலும் இது முடியாது." பத்திரிகையில் அது அப்படியே வந்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பெங்களூரிலிருந்து வந்த தம்பி சவரிராயன், பேட்டரியில் ஓடும் ரெக்கார்டு பிளேயரையும் அதே பாட்டின் இசைத்தட்டையும் கொண்டுவந்தான். பாட்டைப் போட்டார்கள். இரண்டாவது சரணத்தில் குரல் எங்கும் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது.

"நீ எழுதுனியே, அது காத்து பண்ண வேலை, அக்கா. பாடுனவங்க ஒண்ணும் பண்ணல" என்று சவரிராயன் சிரித்தான்.

லூர்து மேரி சிரிக்கவில்லை. "மொதல்ல இருந்து போடு. சத்தத்த முழுசா வையி" என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கி, பக்கத்துக் கொள்ளுக்காட்டில் பாதி தூரம் நடந்துபோய் நின்றார். இரண்டாவது சரணம் வந்தது. காற்றும் வந்தது.

அங்கிருந்தே கத்தினார்: "இப்பத்தான்டா பாடறா!"