அக்காவின் உள்ளங்கையில் இருந்த எண்

பச்சைப் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பிள்ளை, பள்ளிக்கூட மேடையில் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி நிற்கிறாள். அவள் முகத்தின் மீது ஒரு வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வடக்குப்பட்டில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் பொது அறைக் கணினியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் படம் அப்படியே நின்றுபோனது. இயர்போனின் ஒரு முனை என் காதில், மறு முனை எங்கள் ஆலை லைன் லீடர் அக்காவின் காதில். "ஏட்டி, பிள்ள கையத் தூக்கிட்டே நிக்கா பாரு. வலிக்காதா அவளுக்கு?" என்று அக்கா சிரித்தார்.

அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம், எனக்குத் திண்டுக்கல். ஒரகடத்தில் காருக்கான எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் செய்யும் ஆலையில் இருவருக்கும் வேலை. கேமரா போன், மெமரி கார்டு, பென் டிரைவ் எதுவும் ஆலை வாசலைத் தாண்டக் கூடாது. அது அவர்கள் இடம், அவர்கள் சட்டம், சரி. ஆனால் விடுதியிலிருந்து பஸ் நேராக ஆலைக்குப் போகிறது என்று காரணம் சொல்லி, விடுதிக்குள்ளும் அதே சட்டத்தைப் போட்டார்கள். எங்கள் துணிப்பெட்டியைக் கிளறிப் பார்க்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. பெற்ற பிள்ளையின் வீடியோவை ஒரு கார்டில் போட்டு வைத்துக்கொள்ள அக்காவுக்கு வழியில்லை.

அக்காவின் கணவர் ஊரில் கல்யாண வீடியோ எடுப்பவர். மகள் நடந்தது, விழுந்தது, முதல் முதலாகப் பள்ளிக்கூடம் போனது எல்லாம் அவர்கள் வீட்டுக் கணினியில் வரிசையாக இருந்தன. பெண் பிள்ளையின் வீடியோவை ஊரார் பார்க்க இணையத்தில் போட அவருக்கு மனமில்லை. அதனால் வி.பி.என். என்று ஒரு ஏற்பாடு செய்திருந்தார். விடுதிக் கணினி எங்கிருந்தாலும் அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பது போல இணைந்துகொள்ளும். வழியில் வேறு யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். ஒரே தொல்லை, ஊரில் கரண்ட் போய் வரும்போதெல்லாம் வீட்டு இணைப்பின் எண் மாறிவிடும். அது மின்வெட்டு எல்லாரையும் ஆட்டிவைத்த காலம். "கரண்டு இருக்கா அத்தான்?" என்றுதான் அக்காவின் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். அவர் போனில் புது எண்ணைப் படிக்கப் படிக்க, அக்கா அதை இடது உள்ளங்கையில் எழுதிக்கொள்வார்.

அன்றைக்குப் பிள்ளையின் ஆண்டுவிழா நடனம். பாதியில் நின்ற படம் எவ்வளவு நேரம் காத்திருந்தும் நகரவில்லை. "மீதிய நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சு வந்து பாத்துக்கிடுவோம்" என்று அக்கா எழுந்தார். அதுவரை அந்த எண் அழியக் கூடாதே என்று இடது கையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டார். அக்கா சாப்பிட்ட தட்டை நான்தான் கழுவினேன்.

மறுநாள் ஆலை வாசலில் சோதனை போடும் செக்யூரிட்டி அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாமா இது, நடுவுல புள்ளி புள்ளியா வச்சி நம்பரு?" அக்காவுக்குப் பொய் வராது. "எங்க வீட்டு கம்ப்யூட்டர் நம்பர்க்கா. வி.பி.என். போட்டுப் பிள்ளயப் பாக்கதுக்கு" என்றார். அந்த மூன்று எழுத்து போதுமானதாக இருந்தது. அக்காவையும் பின்னால் நின்ற என்னையும் ஒரு ஏசி அறைக்குக் கூட்டிப்போனார்கள். "வெளி சர்வர் அட்ரஸ் உன் கையில எதுக்கு? டிசைனை யாருக்கு அனுப்புற?" என்று கேட்டார் கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரி. விடுதி இணைப்புக்கும் ஆலைக் கணினிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று நானும் தொண்டை வற்றச் சொன்னேன். வேண்டுமானால் இப்போதே விடுதிக்கு வந்து பாருங்கள் சார், அந்தப் பிள்ளை அங்கே நிற்கிறாள் என்றேன். அந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பார்க்காமலேயே தீர்ப்பு எழுதுவதற்குப் படிப்பு வேறு! போலீசில் சொல்லாமல் விடுகிறோம், அதுவே பெரிது என்று சொல்லி, சாயங்காலத்துக்குள் அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அக்கா ஊருக்குப் போன பிறகு நான் போன் செய்தேன். போலீஸ் என்ற சொல் எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. "வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போயிருவாவளோன்னு பயந்து, அத்தான் எல்லாத்தையும் அழிச்சிட்டாவ" என்றார். பிறகு, "டான்ஸும் போச்சுட்டி. மீதிய நான் பாக்கவே இல்ல." திருட்டுப் பழி போட்டவர்கள் எதையும் இழக்கவில்லை. திருடாதவள் வீட்டில்தான் எல்லாம் போயிற்று. ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கினேன், எனக்கே அழுகை வந்துவிட்டது.

இப்போது நான் சென்னையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில், முதலில் வி.பி.என்.னில் இணைய வேண்டும் என்பது அலுவலகக் கட்டளை. இணைய மறந்தால் எச்சரிக்கை வருகிறது. என் வீட்டிலிருந்து நான் கம்பெனிக்குள் போக இதே வழி நல்ல வழி. ஒரு தாய் தன் வீட்டுக்குள் போனால் மட்டும் அது கள்ள வழியா? அந்த நாட்களில் காலையில் வி.பி.என். பொத்தானை அழுத்துகிறேன். இணைப்புக் கிடைக்கும் வரை திரையில் ஒரு வெள்ளை வட்டம் சுற்றுகிறது. அதன் பின்னால் பச்சைப் பாவாடைப் பிள்ளை, தூக்கிய கையை இன்னும் இறக்காமல் நிற்கிறாள்.