‘ஓவர்’ என்று நான் சொன்னது

இந்த ஊரில் பால் ‘ஆஃப்’ ஆகும். இங்கிலாந்தின் இந்த முதியோர் இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், உடன் வேலை பார்க்கும் கேரன் பால் பாட்டிலை முகர்ந்துவிட்டு, “மில்க் இஸ் ஆஃப்” என்றாள். நான் போய் ஃபிரிட்ஜின் சுவிட்சைப் பார்த்தேன். பால் கெட்டுப்போனதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பாளையங்கோட்டையில் பதினோரு வருடம் ஆங்கில டீச்சராக இருந்தவள் நான். ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ மாறினால் சிவப்பு மையால் சுழித்து அரை மதிப்பெண் குறைப்பேன். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளை, “அர்த்தம் புரியுதுல்லா டீச்சர், பெறவு என்னத்துக்கு மார்க்கக் கொறைக்கிய?” என்று அழுதிருக்கிறாள். நான் இறங்கி வரவில்லை.

போன பிப்ரவரியில், இல்லத்தில் நான் கவனித்துவந்த மார்கரெட் அம்மாவுக்கு மார்ச்சளி முற்றிவிட்டது. காலையில் பார்த்த நர்ஸ், இன்று தாண்டாது, மகளுக்குச் சொல்லிவிடு என்று என்னிடம் சொல்லிப் போனாள். போனை எடுத்துவிட்டேன், சொல்லத்தான் வாய் வரவில்லை. சாவை நேராகச் சொல்லி நமக்குப் பழக்கமில்லை. பள்ளிக்கூடம் விடுவதை ‘கெட்டிங் ஓவர்’ என்றே வருடக்கணக்காகச் சொல்லிவந்தவள், முடியப்போகிறது என்ற பொருளில் அதையே சொன்னேன். “யுவர் மதர்... இட் இஸ் கெட்டிங் ஓவர்.”

“ஓ, தேங்க் காட்! ஐ வில் பி ஓவர்” என்றாள் மகள். வருகிறேன் என்கிறாள். கடவுளுக்கு எதற்கு நன்றி என்று ஒரு கணம் உறுத்தியது. தாயின் வேதனை முடிகிறதே என்று சொல்கிறாள்போலும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

மார்கரெட் அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஷி இஸ் கமிங்” என்று அவர் கையைப் பிடித்தபடி சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டு மணிக்கு அந்தக் கை தளர்ந்தது.

நர்ஸ் போன் செய்த பிறகுதான் மகள் ஓடிவந்தாள். “குணமாகிறது என்றுதானே சொன்னாய்? ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்றிருந்தேன்” என்றாள். நோயிலிருந்து மீள்வதற்குத்தான் இங்கே ‘கெட்டிங் ஓவர்’ என்கிறார்கள். என் தவறு என்றேன். அவள் சத்தம் போடவில்லை. தனியாகவா போனார் என்று கேட்டாள். இல்லை, நான் பக்கத்தில் இருந்தேன் என்றேன். தாயின் கம்பளிச் சட்டையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, என் முகத்தைப் பாராமல் போனாள்.

மறுநாள் வேலைக்கு நடுவில் ஊரிலிருந்து தங்கை கூப்பிட்டாள். எங்கள் அம்மா படுக்கையில் விழுந்து இரண்டு மாதம்.

“அம்மாவுக்குப் பரவால்லக்கா. ரெண்டு வாய் கஞ்சி குடிக்காவ.”

எத்தனையோ தடவை கேட்ட வார்த்தை. அன்று அதை அப்படியே விட முடியவில்லை.

“பரவால்லன்னா என்னட்டி அர்த்தம்? நேராச் சொல்லு. நான் வரணுமா?”

 போனுக்குள் பாளையங்கோட்டை பஸ் ஒன்று ஆரன் அடித்துப்போனது. அப்போது ஏழாம் அறையின் அழைப்புமணி ஒலித்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமல், தங்கை வாய் திறக்கக் காத்தபடியே, அந்த அறையை நோக்கி நடந்தேன்.