ஒற்றைக் காலில் ஓர் உப்புக்கொத்தி

ஒற்றைக் காலில் நின்று தூங்கும் பறவையை அவள் எழுப்புவதில்லை. வயிற்று இறகுக்குள் மடங்கிய மறுகால் தானாக இறங்கும்வரை ஈரமணலில் குப்புறப் படுத்து, பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் கிடப்பாள். "பிடி... பிடி..." என்று உதடு முணுமுணுக்கும். அது தொழில் பழக்கம். பதினெட்டு வருடமாக ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில், மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று சொல்லி வருகிறவள். அங்கே எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரேம்மா.

படம் எடுத்து முடிந்ததும் வந்தவர்கள் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். முகத்தில் ஒன்றும் இருக்காது. "டாக்டர் சொல்லுவார்" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பெயராது.

கடற்கரைக்கு வேறு நோட்டு, வேறு பேச்சு. குளிர் விலகி வடக்கே கிளம்பும் பறவைகளை ஞாயிறுதோறும் எண்ணி எழுதுகிறாள். கண்ணால் பார்த்திருந்தால் எண். சந்தேகமென்றால் 'தெரியலை'. நோட்டில் பாதி, தெரியலைதான்.

இந்த ஞாயிறு அக்காவும் கூட வந்திருந்தாள். ஒரு மாதமாக அக்காவுக்கு இருமல். வியாழக்கிழமை தங்கைதான் படம் எடுத்தாள். நாளை டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மணல்திட்டில் நின்ற பறவைக் கூட்டத்தின் ஓரத்தில் ஓர் உப்புக்கொத்தி, வலது காலை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. ஐந்து வருடமாக இங்கே தங்கிப் போகும் ஒரு பறவைக்கு வலது காலில்தான் ஆராய்ச்சிக்காரர்கள் அடையாளத்துக்கு மாட்டிய பச்சை வளையம்.

"அதேதான்டி. எழுதிக்கோ."

"வளையம் தெரியலைக்கா."

"கை தட்டட்டா? காலைக் கீழ வச்சிரும்."

"வேணாம். ரொம்ப தூரம் போகணும் அது. இப்பதான் உடம்பைத் தேத்திக்கிட்டிருக்கு."

"இந்தக் கரிசனத்துல கால்வாசி உன் வீட்டுக்காரர்கிட்ட காட்டியிருந்தா, அந்த மனுஷன் பாவம், அவர் சட்டையை அவரே தேச்சுக்கிட்டு இருக்க மாட்டாரு."

தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள் அக்கா. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. உப்புக்கொத்தி அசையவில்லை.

தண்ணீர் ஏறி ஏறித் திட்டு ஒரு பாய் அகலமாயிற்று. கூட்டம் மொத்தமாக எழும்பி ஒருமுறை சாய்ந்து திரும்பிக் கடலுக்குமேல் போய்விட்டது. வளையம் கண்ணில் படவே இல்லை. அவள் எழுந்து உட்கார்ந்து, மணலைத் தட்டிவிட்டு, 'தெரியலை' என்று எழுதினாள்.

அக்கா நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"தெரியாததைத் தெரியலைன்னு பட்டுனு சொல்லிடற. எம் படத்தைக் கேட்டா மட்டும் டாக்டர் சொல்லுவாருங்கற."

தங்கை பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். திட்டு இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். இறக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா அவள் முதுகில் கை வைத்தாள்.

"மூச்சை விடுடி" என்றாள்.